இந்த முறை மதியக் காற்று ஓரா வருமா? கார்டா போகும் மோத் ஆட்கள் இங்கே வாருங்கள்

சுக்கான்பிடி
திங்கள், இரவு 9:40

அடுத்த புதன் இத்தாலியின் கார்டா ஏரிக்கரை ஊரான மால்செசினேயில் மோத் படகுகளின் (ஒரே ஆள் ஓட்டும், தண்ணீருக்கு மேலே பறக்கும் சின்னப் பாய்மரப் படகு) முதல் ரேஸ். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இன்று மட்டும் வானிலைப் பக்கத்தை நாற்பது தடவையாவது திறந்து பார்த்திருப்பேன்.

என் சிக்கல் இது. கையில் இரண்டு முன் ஃபாயில்கள், அதாவது தண்ணீருக்குள் இருந்து படகைத் தூக்கும் இறக்கைகள். பெரியது புதிது, கொஞ்சம் காற்று இருந்தாலே படகைத் தூக்கிவிடும். சிறியது படகோடு வந்த பழையது. போன வருடம் அதன் பின்விளிம்பு ஒரு கல்லில் இடித்துப் பெயர்ந்தது. நானே ரெசின் பூசித் தேய்த்தேன். தேய்த்தது சரியில்லை போல, வேகம் ஏறினால் ரீங்காரம் போடுகிறது. பலமாக அடிக்கும் என்றால் அதைத்தான் மாட்ட வேண்டும், அதற்கு முன்னால் இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி தேய்க்க வேண்டும். மெல்லிய காற்று என்றால் அந்த வேலையே மிச்சம்.

நேற்று வானிலையைக் கணிக்கும் கணினி மாடலில் புதன் மதியம் தெற்கிலிருந்து 14 நாட் (மணிக்கு 14 கடல்மைல்). இன்று அதே மாடலில் வடக்கிலிருந்து 6 நாட். எதை நம்புவது?

மேகக்கணக்கு
திங்கள், இரவு 10:15

இரண்டையும் நம்பாதீர்கள். ஒன்பது நாளுக்கு முன்னால் மாடல் சொல்லும் காற்று, குழந்தை பிறக்கும் முன்னே அது டாக்டரா வக்கீலா என்று பேசுவது மாதிரி.

அதை விடுங்கள், கார்டாவில் வேறு ஒரு கோளாறு இருக்கிறது. மாடல் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் பார்க்கும். ஐரோப்பிய மாடலின் ஒரு கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். ஏரியின் வடபாதி 3, 4 கிலோமீட்டர்தான் அகலம். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. கிழக்கே மோன்டே பால்டோ 2,200 மீட்டருக்கு மேல், ஏரியோ கடல் மட்டத்திலிருந்து 65 மீட்டர். இந்தப் பள்ளத்தை அந்த மாடல் ஒரு சரிவாகத்தான் பார்க்கிறது. அதன் கண்ணுக்கு அங்கே ஏரியே இல்லை. ஏரி இல்லாத இடத்தில் ஏரிக்காற்று எப்படித் தெரியும்? அமெரிக்க மாடல் இன்னும் மோசம்.

ஜெர்மன்காரர்களின் ஐகான்-டி2 மாடல் வரும்வரை பொறுங்கள். கட்டம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் அது பேசாது. அதாவது திங்கள் மதியத்துக்குப் பிறகுதான் உங்கள் புதன் மதியம் அதில் தெரியும்.

அலைதாண்டி
திங்கள், இரவு 10:22

6 நாட் வடக்கு என்றால் எனக்கு லட்டு. 62 கிலோ எடை. நீங்கள் எல்லாரும் தண்ணீரில் உட்கார்ந்திருக்க நான் மேலே பறந்துகொண்டிருப்பேன்.

நீர்மேல்நடை
செவ்வாய், காலை 6:50

தம்பி, போன முறையும் இதையே சொன்னாய். மூன்றாம் நாள் 20 அடித்தபோது உன்னைப் பாதுகாப்புப் படகில்தான் பார்த்தேன்.

சுக்கான்பிடிக்கு: மாடலை மூடி வைத்துவிட்டு அங்கே காற்று எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரவில் மலைச்சரிவுகள் குளிரும். குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் இறங்கி, ஏரியோடு வடக்கிலிருந்து தெற்கே ஓடும். அது பெலேர். விடியும் நேரத்தில் நல்ல வலு, பத்து பதினொரு மணிக்கு ஓயும். அப்புறம் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். வெயில் மலையைச் சுட்டுக் காற்று மேலே ஏறத் தொடங்கினால், அந்த இடத்தை நிரப்பத் தெற்கேயுள்ள சமவெளியிலிருந்து காற்று புறப்படும். அதுதான் ஓரா. மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்கு வந்து மாலைவரை இருக்கும்.

நம் மீனவர் வாயில் சொன்னால் காலையில் வாடை, மதியம் சோழகம். ஒரே நாளில் இரண்டும், மணி அடித்த மாதிரி. மணி அடிக்காத நாள்களும் உண்டு, அங்கேதான் எல்லாரும் மாட்டுவது.

கரையோரம்
செவ்வாய், காலை 9:05

நான் பார்வையாளன் மட்டும். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறேன், போட்டியையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. ஒரு அடிப்படைச் சந்தேகம், சிரிக்காதீர்கள். படகு தண்ணீருக்கு மேலே நிற்கிறது, சரி. இன்னும் மேலே போய் ஃபாயிலே வெளியே வந்துவிடாமல் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நீர்மேல்நடை
செவ்வாய், மதியம் 1:30

சிரிக்க என்ன இருக்கிறது, நல்ல கேள்வி. படகின் மூக்கிலிருந்து ஒரு மெல்லிய குச்சி தொங்கும். வாண்ட் என்போம். அதன் நுனி தண்ணீரை உரசிக்கொண்டே வரும். படகு தாழ்ந்தால் தண்ணீர் குச்சியைப் பின்னால் தள்ளும், உயர்ந்தால் குச்சி கீழே தொங்கும். அந்த அசைவு ஒரு கம்பி வழியாக முன் ஃபாயிலின் பின்பாதியில் இருக்கும் மடிப்புக்குப் போகும். படகு தாழ்ந்தால் மடிப்பு கீழே வளைந்து தூக்கும், உயர்ந்தால் மேலே வளைந்து இறக்கும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. பின் ஃபாயில் சுக்கானோடு இருக்கிறது. அதன் கோணத்தைச் சுக்கான்கோலின் பிடியைத் திருகி நாம் மாற்றுவோம், மோட்டார்சைக்கிள் ஆக்ஸிலேட்டர் மாதிரி.

குச்சி தப்பாக நீண்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால்: ஃபாயில் நுனி வெளியே எட்டிப்பார்க்கும், காற்றை உறிஞ்சும், தூக்கும் சக்தி ஒரே நொடியில் போய்விடும். மூக்கு தண்ணீரில் குத்தும். ஓட்டுபவர் படகுக்கு முன்னால் போய் விழுவார். மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பழையபாய்
செவ்வாய், மாலை 5:45

முன்னெல்லாம் படகு தண்ணீரில் போனது. காற்று வந்தால் போவோம், போனால் நிற்போம். இப்போது கம்பி, குச்சி, மடிப்பு என்று ரிப்பேர்க் கடை மாதிரி இருக்கிறது.

அலைதாண்டி
செவ்வாய், மாலை 5:58

ஐயா, 2005ல் ரோஹன் வீல் ஃபாயிலில் ஏறி மோத் உலகப் பட்டம் வாங்கியாச்சு. இருபது வருடப் பழைய விஷயத்தை இன்னும் புதுசு என்கிறீர்களே.

பழையபாய்
செவ்வாய், மாலை 6:10

தெரியும். காற்று வரும் பக்கமாகப் படகைச் சாய்த்து ஓட்டுவதற்கு அவர் பெயரையே வைத்து ‘வீல் ஹீல்’ என்பதும் தெரியும். என் காலத்தில் அப்படிச் சாய்த்தால் பயிற்சியாளர் கரையிலிருந்து திட்டுவார். ஆனால் ஒன்று சொல்கிறேன்: நீளம் 3.355 மீட்டருக்குள், அகலம் 2.25க்குள், மற்றதை உன் மூளை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட விதி நல்ல விதி. அதை நான் என்றும் குறை சொன்னதில்லை.

சுக்கான்பிடி
வியாழன், இரவு 11:20

சரி, மாடல் பார்ப்பதை ஒரு நாள் நிறுத்தினேன். இன்று திறந்தால் எல்லாம் தலைகீழ். செவ்வாய் மாலை ஆல்ப்ஸ் மேலே குளிர்முகம் (குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு) ஒன்று இறங்குகிறது. புதன் முழுவதும் வடக்கு. அலைதாண்டி இதைப் பார்த்தாயா, 6 இல்லை, 22.

மேகக்கணக்கு
வெள்ளி, காலை 7:15

பார்த்தேன். இப்போதுதான் பேச விஷயம் கிடைத்திருக்கிறது.

குளிர்முகம் கடந்ததும் ஆல்ப்ஸுக்கு வடக்கே அழுத்தம் ஏறும், தெற்கே குறைவாக இருக்கும். இன்ஸ்ப்ரூக் அழுத்தத்தையும் போல்சானோ அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கே நன்றாக அதிகம் என்றால் காற்று மலையைத் தாண்டித் தெற்கே கொட்டும். இதற்கு வடக்கு ஃபோன் (föhn) காற்று என்று பெயர். அந்த நாளில் பெலேர் பத்து மணிக்கு ஓயாது, மதியம் தாண்டியும் அடிக்கும். ஓரா வர நினைத்தாலும் கதவு மூடியிருக்கும். வெயில் பளீரென்று இருக்கும், ‘அருமையான நாள், ஓரா நிச்சயம்’ என்று புதியவர்கள் காத்திருந்து ஏமாறுவார்கள்.

முகம் வேகமாகக் கடந்து, செவ்வாய் இரவே அழுத்தம் சமமாகிவிட்டால் கதை வேறு. புதன் காலை குளிர்ந்த பெலேர், மதியம் தெளிந்த வானத்தில் கனமான ஓரா. என் கணக்கில் இரண்டுக்கும் சம வாய்ப்பு. ஆறு மணி நேர வித்தியாசத்தில் எல்லாம் மாறும்.

சுக்கான்பிடி
வெள்ளி, காலை 7:40

அதாவது இரண்டு விதத்திலும் பலமான காற்று?

மேகக்கணக்கு
வெள்ளி, காலை 7:52

அல்லது நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டும் ஒன்றையொன்று முட்டி நாள் முழுக்க 5 நாட். அதுவும் நடக்கும்.

சுக்கான்பிடி
வெள்ளி, காலை 7:53

மிக்க நன்றி.

அலைதாண்டி
வெள்ளி, மதியம் 12:10

அண்ணா, ஃபாயிலைத் தேய்க்க ஆரம்பியுங்கள். காற்று 12லிருந்து 17 நாட்டுக்குப் போனால் பாயில் விழும் அழுத்தம் இரட்டிப்பு, வேகத்தின் வர்க்கம். காற்று குளிர்ந்தது என்றால் அதற்கு மேலே கொஞ்சம். நான்கூடச் சிறியதை எடுத்து வைக்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

நீர்மேல்நடை
வெள்ளி, இரவு 8:30

அதே வர்க்கம் ஃபாயிலுக்கும் உண்டு, ஆனால் அங்கே அது உங்களுக்குச் சாதகம். பரப்பு 20 சதவீதம் குறைந்தால் எழும்பத் தேவைப்படும் வேகம் 12 சதவீதம்தான் கூடும். 8 நாட்டில் எழும்பும் படகு 9 நாட்டில் எழும்பும், அவ்வளவுதான். 15 நாட் காற்றில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. மேலே ஏறிய பிறகு பெரிய ஃபாயில் ஒவ்வொரு நொடியும் உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும்.

சிக்கல் 8, 9 நாட் காற்றில்தான். எழும்பியவன் எழும்பாதவனை ஒரே சுற்றில் இரண்டு மடங்கு தூரம் விட்டுவிட்டுப் போவான். டேக் அடிக்கும்போது (மூக்கைக் காற்றுக்குள் திருப்பிப் பக்கம் மாறும்போது) படகு ஒருமுறை தண்ணீரில் உட்கார்ந்துவிட்டால், மறுபடி எழும்பும்வரை பக்கத்தில் போகிறவர்கள் முதுகைத்தான் பார்க்கலாம். அதனால்தான் பெரும்பாலானவர்கள் பயந்துபோய்ப் பெரியதை மாட்டுகிறார்கள். என் அனுபவத்தில் ஓராவில் அந்தப் பயம் தேவையில்லாதது. அது வந்தால் முழுதாக வரும், வராவிட்டால் ரேஸே நடக்காது.

நன்னீர் என்பதையும் மறக்காதீர்கள். கடல்நீரைவிட அடர்த்தி இரண்டரை சதவீதம்போலக் குறைவு. கடலில் பழகியவர்களுக்கு முதல் நாள் படகு கொஞ்சம் சோம்பலாக இருக்கும். அதற்கெல்லாம் பெரிய ஃபாயில் வாங்க ஓடாதீர்கள்.

கரையோரம்
சனி, காலை 10:00

கரையிலேயே முடிவு செய்ய வேண்டுமா? நடுவில் மாற்ற முடியாதா?

நீர்மேல்நடை
சனி, காலை 10:25

முடியாது. ஃபாயில் கீழிருந்து மேலே ஏற்றி மாட்டுவது, படகைச் சாய்த்து வைத்தால்தான் முடியும். மாட்டிய பிறகு படகு கரையில் நேராக நிற்காது, அடியில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கால் இருக்கிறதே. அதனால் சாய்ந்தபடியே தோளில் தூக்கி, மார்பளவு தண்ணீருக்கு நடந்து, அங்கே நீந்தித்தான் நிமிர்த்துவோம். இருநூறு பேர் ஒரே சமயத்தில் சரிவில் இறங்கும்போது ‘ஒரு நிமிஷம், ஃபாயில் மாற்றணும்’ என்று சொல்லிப் பாருங்கள். 2017ல் இதே மால்செசினேயில் நடந்த மோத் உலகப் போட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட படகுகள். அந்த முறை பட்டம் பால் குடிசனுக்கு, அவருடைய மூன்று உலகப் பட்டங்களில் நடுவிலுள்ளது. 2021ல் அதே ஊரில் டாம் ஸ்லிங்ஸ்பி. இருவருமே லேசர் என்ற ஒற்றையாள் படகில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள், 2008லும் 2012லும். காற்றைக் கண்ணால் படித்துப் பழகியவர்கள் இங்கே மேலே வருகிறார்கள் என்பது என் எண்ணம். கேஜட் பேர்வழிகள் நடுவில் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன்.

சுக்கான்பிடி
ஞாயிறு, இரவு 10:50

ஏரிக்கு வந்துவிட்டேன். சிறிய ஃபாயிலை இரண்டு இரவு தேய்த்தேன். 400, 800, அப்புறம் 1200 எண் உப்புத்தாள், தண்ணீர் விட்டுவிட்டு. பின்விளிம்பில் நகத்தை ஓட்டினால் ஓரிடத்தில் மட்டும் இன்னும் ஒரு தட்டு தட்டுகிறது. அதுதான் பாட்டுப் பாடும் இடம். நாளை தண்ணீரில் பார்க்கலாம்.

இன்று ஓரா ஒன்றேகால் மணிக்கு வந்தது. ஏரியின் வடமுனையில் டோர்போலே பக்கம் நல்ல வெள்ளை நுரை, இங்கே மால்செசினே முன்னால் 11, 12தான். மேற்குக் கரைச் சுவரை ஒட்டிப் போனவர்களுக்கு அதிகம் கிடைத்தது மாதிரி தெரிந்தது. சரியா?

நீர்மேல்நடை
ஞாயிறு, இரவு 11:05

பெரும்பாலும் சரி. ஓரா வடக்கே போகப் போகப் பள்ளம் குறுகி வேகம் கூடும். தெற்கு நோக்கி ஏறும்போது வலப்பக்கம், அதாவது மேற்குச் சுவர், பலமுறை காசு கொடுக்கும். எல்லாரும் அதை அறிந்து அங்கேயே குவிவதால் மற்றவர்கள் பாய் கலக்கிவிட்ட கெட்ட காற்றில் மாட்டுவதும் அங்கேதான்.

சுக்கான்பிடி
திங்கள், மாலை 6:30

பாட்டு நின்றுவிட்டது! 14 நாட்டில் சிறிய ஃபாயில், சத்தமே இல்லை. இறங்குகாற்றில் போனது, கண்ணில் தண்ணீர். குச்சி நுனி தண்ணீரில் தட்டும் ‘டிக் டிக் டிக்’ மட்டும்தான் கேட்டது.

மேகக்கணக்கு
திங்கள், இரவு 8:00

வாழ்த்துகள். ஐகான்-டி2 இப்போது புதனைப் பார்க்கிறது. குளிர்முகம் நாளை இரவு 8 மணிக்குள் கடக்கும். அழுத்த வித்தியாசம் விடிகாலைவரை இருந்து, காலை பத்துக்குள் கரையலாம். ஓரா 2 மணிக்கு, 10 நாட் என்கிறது. என் கை அரிக்கிறது, அதன்மேல் இன்னும் 5 சேர்ப்பேன். மாடல் ஓராவை எப்போதும் குறைத்தே சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

அலைதாண்டி
திங்கள், இரவு 8:04

10 என்றால் பெரியது. 15 என்றால் சிறியது. ஆக மறுபடி முதல் பதிவுக்கே வந்துவிட்டோம்.

சுக்கான்பிடி
செவ்வாய், இரவு 9:15

ஏழு மணிக்கு இடி. பத்து நிமிடத்தில் படகுகள் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டினோம். பக்கத்துக் கூடாரத்தின் கூரை எங்கள் வேலிமேல் வந்து உட்கார்ந்தது. இப்போது மழை நின்றுவிட்டது. ஏரியில் ஓடைகள் கொண்டுவந்த கிளைகளும் இலைகளும் மிதக்கின்றன. நாளைக்கு இதுவும் ஒரு தலைவலி, 20 நாட் வேகத்தில் ஃபாயிலில் ஒரு சுள்ளி மாட்டினால் போதும்.

பழையபாய்
செவ்வாய், இரவு 9:40

தண்ணீரில் ஓடும் படகு சுள்ளியைத் தள்ளிவிட்டுப் போகும். சும்மா சொன்னேன். நன்றாகத் தூங்குங்கள், காலையில் பெலேரைப் பாருங்கள். அது சமயத்துக்கு ஓய்ந்தால் சோழகம் வரும். எனக்கு மாடல் தெரியாது, இது தெரியும்.

சுக்கான்பிடி
புதன், காலை 10:35

பெலேர் இன்னும் 16. ஓயவில்லை. மலை உச்சி கத்தி மாதிரி தெளிவு. ரேஸ் கமிட்டி ‘கரையில் காத்திருக்கவும்’ கொடியை ஏற்றியிருக்கிறது.

மேகக்கணக்கு
புதன், காலை 10:41

அழுத்த வித்தியாசம் பாதியாகிவிட்டது. பொறுங்கள்.

சுக்கான்பிடி
புதன், மதியம் 12:20

ஓய்ந்துவிட்டது. ஒரே நிசப்தம். கொடிகள் கம்பத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. சுற்றிலும் எல்லாரும் பெரிய ஃபாயில் மாட்டுகிறார்கள். அலைதாண்டி தன் சிறியதை வண்டியிலேயே பூட்டிவிட்டான். நானும் பெரியதை மாட்டிவிட்டேன்.

கரையோரம்
புதன், மதியம் 1:10

கேபிள் காரின் நடு நிலையத்தில் நிற்கிறேன், கையில் பைனாகுலர். தெற்கே லேசாகப் புகைமூட்டம். தண்ணீரில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. இதுதானா அது?

நீர்மேல்நடை
புதன், மதியம் 1:12

கோட்டுக்குப் பின்னால் வெள்ளை இருக்கிறதா?

கரையோரம்
புதன், மதியம் 1:14

மேற்குக் கரையில் காம்பியோனே பக்கம், சுவரை ஒட்டி, இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

சுக்கான்பிடி
புதன், மதியம் 1:15

படகை இறக்கலாம் என்ற ‘டி’ கொடி ஏறிவிட்டது. எல்லாரும் இறங்குகிறார்கள். போனைப் பையில் போடுகிறேன்.

கரையோரம்
புதன், மதியம் 1:31

மேலிருந்து அருமையாக இருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் படகுகளும் தண்ணீரில், பாதி ஏற்கெனவே பறக்கின்றன. சரிவின் மேலே ஒன்றே ஒன்று மட்டும் சாய்ந்து கிடக்கிறது, யாரோ ஒருவர் மண்டியிட்டு அடியில் எதையோ பிடுங்குகிறார். சுக்கான்பிடி, அது நீங்களா?